ஏறுவது ஒரு விமானம், வரவு வைப்பது வேறு கணக்கு

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆனால் இங்கிருந்து ஆண்டுக்கு நான்கு முறை ஐரோப்பா போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர்கள், கிரானைட் ஏற்றுமதி செய்பவர்கள். பெங்களூரு சாலையில் உள்ள என் டிக்கெட் அலுவலகத்துக்கு பிசினஸ் வகுப்பு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

அப்படி ஒரு ஆலைக்காரர் சென்ற மாதம் வந்தார். பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஓய்ந்து, பாய்லரை அணைத்திருந்த வாரம். ரப்பர் பேண்ட் போட்ட போர்டிங் பாஸ் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார்.

"தம்பி, நான்கு முறை ஆம்ஸ்டர்டாம் போய்வந்துவிட்டேன். எல்லாமே பிசினஸ். போன வாரம் வீட்டுக்காரியோடு டெல்லிக்கு எகானமியில் போனால், லவுஞ்ச் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இத்தனை காசு கொடுத்ததற்கு என்ன பலன்?"

"காசு வீணாகவில்லை அண்ணா. கணக்குத்தான் தப்பான நோட்டில் ஏறியிருக்கிறது" என்றேன்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விமான நிறுவனங்களின் உறுப்பினர் திட்டத்தில் இரண்டு வரவுகள் உண்டு. ஒன்று மைல். அது கையிருப்பு, எடுத்துச் செலவழித்து டிக்கெட் வாங்கலாம். மற்றொன்று தகுதிப் புள்ளி. இது ஊர்த் திருவிழாவில் கட்டும் பரிவட்டம் போன்றது. செலவழிக்க முடியாது, ஆனால் வரிசையில் முன்னால் நிறுத்தும். குவான்டாஸ் இதை ஸ்டேட்டஸ் கிரெடிட் என்கிறது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் டயர் பாயின்ட் என்கிறது, கத்தார் கியூபாயின்ட் என்கிறது, சிங்கப்பூர் எலைட் மைல் என்கிறது. பெயர்தான் வேறு.

ஒரே கூட்டணியில் இருக்கும் நிறுவனங்களில் ஒன்றின் விமானத்தில் ஏறி, அந்தப் பயணத்தை இன்னொன்றின் கணக்கில் வரவு வைக்கலாம். ஒரு பயணத்தை ஒரு கணக்கில்தான் வைக்க முடியும். வைத்த பிறகு மாற்ற முடியாது. பிசினஸ் டிக்கெட் வாங்குகிற பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரிவதில்லை. எந்த விமானத்தில் ஏறுகிறார்களோ அதன் உறுப்பினர் எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரே இருக்கை, இரண்டு நோட்டு

ஆலைக்காரர் போவது லுஃப்தான்சாவில். பெங்களூரிலிருந்து பிராங்க்ஃபர்ட், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம். ரோட்டர்டாமில் அவருடைய கூழை வாங்குகிறவர் இருக்கிறார். நம் ஊர்க்காரர்களுக்கு தேவனஹள்ளி விமான நிலையம்தான் கதி. சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு அஞ்சி, அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹோஸ்கோட்டை வழியாகப் போகிறவர்கள் அதிகம். எந்த நிறுவனம் தேவனஹள்ளியிலிருந்து பறக்கிறதோ அதில்தான் நம் கணக்கு தொடங்கும்.

முதலில் லுஃப்தான்சாவின் சொந்த நோட்டைப் பார்ப்போம். மைல்ஸ் அண்ட் மோர் என்று பெயர். 2024 ஜனவரி முதல் அங்கே தகுதிக்கு தூரம் பார்ப்பதில்லை. கண்டம் தாண்டும் பிசினஸ் பயணம் ஒன்றுக்கு 50 புள்ளி, ஐரோப்பாவுக்குள் பிசினஸில் பறந்தால் 10. ஆக பெங்களூரு–பிராங்க்ஃபர்ட்–ஆம்ஸ்டர்டாம் ஒரு முறை போய்வந்தால் 50, 10, 10, 50, மொத்தம் 120. முதல் படியான ஃப்ரீக்வென்ட் டிராவலருக்கு ஒரு காலண்டர் ஆண்டில் 650 வேண்டும்: ஆறு முறை போய்வர வேண்டும். அடுத்த படியான செனேட்டருக்கு 2,000. 120-ஆல் வகுத்துப் பாருங்கள், பதினேழு முறை! டிசம்பர் 31 முடிந்தால் ஓட்டம் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மாங்கூழ் ஆலை நடத்துகிறவர் பதினேழு முறை ஐரோப்பா போனால் ஆலையை யார் பார்ப்பது?

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. லுஃப்தான்சா, சிங்கப்பூர், ஏர் இந்தியா மூன்றும் இருக்கும் கூட்டணியின் பெயர் ஸ்டார் அலயன்ஸ். செனேட்டர் ஆனால்தான் அந்தக் கூட்டணியின் கோல்டு, அதாவது ஸ்டார் கோல்டு. ஃப்ரீக்வென்ட் டிராவலர் என்பது ஸ்டார் சில்வர். லுஃப்தான்சாவில் பறக்கும்போது அதன் பிசினஸ் லவுஞ்சுக்குள் விடுவார்கள், டெல்லியில் ஏர் இந்தியா எகானமிக்கு அது உதவாது. அண்ணன் வாசலில் நின்றதற்குக் காரணம் இதுகூட அல்ல. நான்கு பயணத்தில் அவருக்குச் சேர்ந்தது 480 புள்ளிதான். முதல் படியையே அவர் தொடவில்லை.

இனி அதே இருக்கை, அதே சாப்பாடு, ஆனால் வரவு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்கில். இங்கே பறந்த தூரம்தான் கணக்கு. பெங்களூரு–பிராங்க்ஃபர்ட் சுமார் 4,600 மைல், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் 230 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 125 சதவீதம் கிடைக்கும் கட்டண எழுத்தில் (அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்) டிக்கெட் இருந்தால், ஒரு முறை போய்வந்தால் ஏறக்குறைய 12,000 எலைட் மைல். எலைட் சில்வருக்கு 25,000, எலைட் கோல்டுக்கு 50,000. கோல்டு கிடைத்தால் அது ஸ்டார் கோல்டு. நான்கு முறையில் 48,000 சொச்சம், ஐந்தாவதில் தாண்டிவிடும். அல்லது நான்காவதுக்குப் பிறகு சிங்கப்பூருக்கு ஒரு சின்னப் பயணம் போதும்.

ஒரு பக்கம் பதினேழு, மறுபக்கம் ஐந்து. இத்தனை பெரிய இடைவெளி உள்ள வேறு ஒப்பீட்டை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை. இன்னொரு வசதி, கிரிஸ்ஃப்ளையர் தொடர்ச்சியான பன்னிரண்டு மாதத்தைப் பார்க்கிறது, காலண்டரைப் பார்ப்பதில்லை. மாங்கூழ்க்காரர்கள் மே முதல் ஜூலை வரை ஊரைவிட்டு நகர முடியாது. ஒற்றைப்படை ஆண்டின் அக்டோபரில் கொலோனில் அனுகா கண்காட்சி, ஆண்டின் தொடக்கத்தில் துபாயில் கல்ஃபுட். அவர்களுடைய பயணங்கள் டிசம்பரைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. காலண்டர் கணக்கு அவர்களைப் பாதியில் அறுத்துவிடும்.

கோல்டு வைத்தால் பலன் என்ன? பிசினஸில் போகிற அன்று பெரிதாக எதுவும் இல்லை. லவுஞ்ச், முன்வரிசை, கூடுதல் பெட்டி எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கும். எகானமியில் போகிற அன்றுதான் அதன் அருமை தெரியும்: லவுஞ்சுக்குள் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம், பெட்டியை எடையால் கணக்கிடும் தடங்களில் 20 கிலோ கூடுதல், வரிசையில் முன்னால். ஒருவரைத்தான், கவனியுங்கள். பிள்ளைகள் இருவரையும் சேர்த்துக் கூட்டிப்போக முடியாது.

ஏர் இந்தியாவும் 2014 முதல் ஸ்டார் அலயன்ஸில்தான் இருக்கிறது. அதன் மகாராஜா கிளப்பில் சேர்த்தால் என்ன என்று கேட்பார்கள். சொந்த விமானங்களில் அங்கே செலவழித்த ரூபாய்க்குத்தான் புள்ளி. உள்நாட்டில் வாரம் ஒருமுறை பறக்கிறவருக்கு அது சரி. லுஃப்தான்சா இருக்கைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இன்னொரு கூட்டணி

கிரானைட்காரர்களில் சிலர் லண்டன் வழியாகவும் தோஹா வழியாகவும் போகிறவர்கள். அவர்களுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், குவான்டாஸ் எல்லாம் இருக்கும் ஒன்வேர்ல்ட் கூட்டணி. அதில் சஃபையர் என்ற படியே லவுஞ்சுக்குச் சாவி.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒரு காலத்தில் என் செல்லப் பரிந்துரை. சில்வருக்கு 600 டயர் பாயின்ட். பெங்களூரு–லண்டன் நேரடி பிசினஸில் போக 140, வர 140. மூன்று முறை போய்வந்தால் 840, கையில் சில்வர், அதாவது சஃபையர். 2025 ஏப்ரல் 1 அன்று அதற்கு மூடுவிழா நடந்தது. இப்போது ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு புள்ளி, அதுவும் வரி நீங்கலாக. சில்வருக்கு 7,500, கோல்டுக்கு 20,000. 7,500 பவுண்டு என்றால் நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். கூட்டணியின் மற்ற பல நிறுவனங்களில் பறந்தால் தூரத்தில் ஒரு பங்கு, கட்டண எழுத்துக்குத் தகுந்தபடி. அவர்களுடைய ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆடிட்டருக்குக் கணக்குக் கொடுக்கிற அதே ஆண்டு. பொருந்துவது அது ஒன்றுதான். மலிவாக பிசினஸ் டிக்கெட் பிடிக்கத் தெரிந்தவரை இந்தத் திட்டம் தண்டிக்கிறது. கடைசி நிமிடத்தில் முழு விலை கொடுக்கிறவரைத் தட்டிக்கொடுக்கிறது.

ஆகவே லண்டன் போகிறவருக்குக்கூட கத்தாரின் பிரிவிலேஜ் கிளப்பை எடுத்துக் காட்டுகிறேன். அங்கே இன்னும் தூரமும் வகுப்பும்தான். பன்னிரண்டு மாதத்தில் 150 கியூபாயின்ட்டுக்கு சில்வர், 300-க்கு கோல்டு, 600-க்கு பிளாட்டினம். கோல்டு என்பது சஃபையர். செலவழிக்கும் மைல் இரண்டு இடத்திலும் ஏவியோஸ்தான், இங்கிருந்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். கியூபாயின்ட்டை மட்டும் எங்கேயும் நகர்த்த முடியாது. சவூதிக்கும் ஐரோப்பாவுக்கும் மாறி மாறி கூழ் விற்கிறவருக்கு தோஹா நடுவழியில் இருக்கிறது.

எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. துபாய் கண்காட்சிக்கு மட்டும் போகிறவருக்கு அதன் ஸ்கைவார்ட்ஸ் நல்லது: சில்வர் 25,000, கோல்டு 50,000 டயர் மைல். வெளியே அதற்குப் பெரிய மதிப்பில்லை.

சிட்னியில் மகன் இருப்பவருக்கு

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். 2022 செப்டம்பர் முதல் குவான்டாஸ் பெங்களூரிலிருந்து சிட்னிக்கு நேரடியாகப் பறக்கிறது. அதன் திட்டத்தில் சில்வருக்கு 300 ஸ்டேட்டஸ் கிரெடிட், கோல்டுக்கு 700, பிளாட்டினத்துக்கு 1,400. கோல்டைத் தக்கவைக்க மறு ஆண்டு 600 போதும்.

பங்காளி நிறுவனத்தின் பிசினஸ் டிக்கெட் இங்கே சுவையானது. ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாக தூரத்தையும் வகுப்பையும் பார்த்துக் கிரெடிட் தருகிறார்கள். கோலாலம்பூர் வழியாக மலேசியா ஏர்லைன்ஸிலோ ஹாங்காங் வழியாக கேத்தே பசிபிக்கிலோ போனால் ஒரு வழிக்கு இரண்டு வரவு. நேரடியாகப் போகிறவருக்கு ஒன்றுதான். இறங்கி ஏறும் அலுப்புக்குக் கிடைக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. உறுப்பினர் ஆண்டுக்குள் குவான்டாஸிலோ ஜெட்ஸ்டாரிலோ நான்கு முறையாவது பறந்திருக்க வேண்டும். பங்காளி விமானங்களிலேயே 700 சேர்த்துவிட்டாலும், இந்த நான்கு இல்லாமல் கோல்டு வராது. ஆண்டுக்கு இரண்டு முறை மகனைப் பார்க்கப் போகிறவர் நேரடி விமானத்திலேயே போனால் அதுவே நான்கு ஆகிவிடும். கோலாலம்பூர் வழிக்காரர் சிட்னியில் இறங்கி, மெல்போர்னுக்கும் பிரிஸ்பேனுக்கும் குவான்டாஸில் போய்வந்தால் சரியாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறைதான் போவேன் என்கிறவருக்கு ஸ்டேட்டஸ் கிரெடிட் பேச்சே வேண்டாம். மைலைச் சேர்த்து மருமகளுக்கு டிக்கெட் போடுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

மெல்போர்னுக்கு சிங்கப்பூர் வழியாகப் போகிறவருக்கு மறுபடி கிரிஸ்ஃப்ளையர்தான். போய்வரும் தூரம் 11,400 மைலுக்குக் குறையாது. 125 சதவீதத்தில் நான்கு முறை போதும்.

எழுத்தும் இனிஷியலும்

மேலே 125 சதவீதம் என்று சொன்னதை எல்லாம் ஒற்றை எழுத்து கவிழ்த்துவிடும். ஈ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும். லுஃப்தான்சா பிசினஸில் அது ஜே, சி, டி, இசட், பி என்று போகும். கடைசியில் வருவது பீட்டரின் பி. இருக்கை ஒன்றுதான், விலையும் வரவும் வேறு. 100 சதவீதம் மட்டும் தரும் எழுத்தில் டிக்கெட் இருந்தால் ஐந்து முறை என்பது ஆறாகிவிடும். விலையைக் கேட்கும்போதே எழுத்தையும் கேளுங்கள். எந்த நிறுவனத்தின் எண்ணில் விற்கிறார்கள், எந்த நிறுவனம் ஓட்டுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் வரவும் மாறலாம்.

இதைவிடப் பெரிய கண்ணி நம் பெயரில் இருக்கிறது. பர்கூர் பக்கத்துக் கிரானைட்காரர் ஒருவர் உறுப்பினர் கணக்கை இனிஷியலோடு தொடங்கியிருந்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் கட்டத்தில் இருந்தது. டிக்கெட் பாஸ்போர்ட்டின்படி. இரண்டும் ஒட்டவில்லை, மூன்று பயணத்தின் வரவு விழவே இல்லை. போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து அனுப்பினோம், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பெயரைத் திருத்தி மறுபடி கேட்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. அவரிடம் அன்று சொன்ன சமாதானங்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது; படிவத்தை நிரப்பியது என் அலுவலகத்துப் பையன்தான்.

ஆலைக்காரரின் 480 புள்ளியை எங்கேயும் மாற்ற வழியில்லை. டிசம்பருக்குள் இன்னும் இரண்டு முறை போனால் முதல் படி கிடைக்கும். அந்தச் சில்வருக்காக மேலும் இரண்டு பயணத்தை அதே நோட்டில் போட வேண்டாம், அடுத்த டிக்கெட்டிலிருந்து புதுக் கணக்கு என்றேன். "அப்போது அந்த 480 கோவிந்தாவா?" என்று கேட்டுவிட்டு, கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

படிவத்தைத் திறந்தேன். குடும்பப் பெயர் கட்டம் வந்தது.

"அப்பா பெயர்தான் அண்ணா. பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே."

"அவர் ஓசூரைத் தாண்டியதில்லை தம்பி. சிங்கப்பூரில் அவர் பெயரில் கணக்கா?" சிரித்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் பாஸ்போர்ட்டை வாங்கி இரண்டு முறை ஒத்துப்பார்த்துவிட்டு அழுத்தினேன்.