வலி குறைந்தது, கால் சோர்ந்தது: முன்பணம் வாங்கும் முதுகுத்தண்டு மையங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

சியாட்டிகா எனப்படும் இடுப்பு நரம்பு வலிக்காகத் தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊரில் இயங்கும் ஒரு தனியார் முதுகுத்தண்டு மையத்தில் 58,000 ரூபாயை முன்பணமாகக் கட்டி, நான்கு வாரங்கள் சிகிச்சை பெற்று, முடிவில் வலது பாதத்தைத் தூக்க முடியாத நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். என் புகார் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே போன்ற மையங்கள் பல ஊர்களில் பல பெயர்களில் இருப்பதால், பெயரைவிட அங்கே நடக்கும் முறையை அறிந்துகொள்வதே பயன்படும்.

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, வயது 46. கடந்த டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் தரையில் சம்மணமிட்டுக் குனிந்தபடி நான்கு இரவுகள் திருத்தினேன். ஐந்தாம் நாள் காலையில் தும்மியபோது, வலது பிட்டத்தில் தொடங்கிய, சுண்டி இழுக்கும் ஒரு வலி தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்கால் வழியே பெருவிரல் வரை மின்சாரம்போல் ஓடியது. அதன் பிறகு உட்கார்ந்தால் வலி, இருமினால் வலி, காலைக்கடனுக்கு முக்கினால் வலி. பக்கத்தில் உள்ள மருத்துவர் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி உயர்த்திப் பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதாகத் தெரிகிறது என்றும், கால் வலிமை சரியாக இருப்பதால் இப்போதைக்கு ஸ்கேன் தேவையில்லை என்றும் கூறி, குறைந்த நாள்களுக்கு வலி மாத்திரை எழுதித் தந்தார். ஆறு வாரம் பொறுங்கள், படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடங்கள் என்பதுதான் அவர் சொன்ன சிகிச்சை. அவர் வாங்கிய கட்டணம் 200 ரூபாய். இவ்வளவு வலிக்கு இவ்வளவு சிறிய சிகிச்சையா என்று எனக்குத் தோன்றியதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் வாரத்தில், பொங்கல் விடுமுறை முடிந்தவுடன், அந்த மையத்திற்குச் சென்றேன். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்துச் சென்றபோது வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் அறிக்கையில் எல்4–எல்5 என்ற, கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடைப்பட்ட இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இப்படியே மூன்று மாதம் விட்டால் கால் போய்விடும், மேடம். அறுவை செய்தால் அதற்குப் பிறகு நிமிரவே முடியாது. எங்கள் இயந்திரம் ஒன்றுதான் வழி" என்றார். 24 அமர்வுகள் கொண்ட தொகுப்பின் விலை 72,000 ரூபாய் என்றும், அன்றே கட்டினால் 58,000 ரூபாய் என்றும் கூறினார்கள். கூட்டுறவு வங்கியில் சங்கிலியை அடகு வைத்து அன்று மாலையே கட்டினேன். அந்த வெள்ளை மேலங்கிக்காரரின் பெயருக்குக் கீழே 'முதுகுத்தண்டு ஆலோசகர்' என்று மட்டும் இருந்தது. மருத்துவப் பட்டமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. ஐம்பது விடைத்தாளில் ஒரு பதிவெண் விடுபட்டிருந்தால் கண்டுபிடித்துவிடும் எனக்கு இது கண்ணில் படவில்லை.

ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருப்பது வலியே இல்லாத பலருக்கும், அதிலும் நாற்பதைக் கடந்தவர்களுக்கு, சர்வசாதாரணமாகக் காணப்படும். ஆகவே படத்தில் வட்டமிடுவதற்கு எப்போதும் ஏதேனும் ஓர் இடம் கிடைக்கும். உண்மையாகவே ஜவ்வு விலகி நரம்பை அழுத்தினாலும், பிதுங்கி வெளிவந்த பகுதியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதால், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவையின்றியே வலி குறைந்துவிடுகிறது. இப்போது தொகுப்பின் கணக்கைப் பாருங்கள். வாரம் மூன்று வீதம் 24 அமர்வுகள் என்றால் 8 வாரங்கள்; வலி தொடங்கி நான்கு வாரம் கழித்துச் சேர்ந்தவருக்குத் தொகுப்பு முடியும்போது சரியாக 12 வாரங்கள் ஆகியிருக்கும். தானாகக் குறையும் வலிக்கான பாராட்டு முழுவதும் இயந்திரத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடும். வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நன்றிக் கடிதங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் உண்மையாகவே குணமடைந்திருப்பார்கள்.

அந்த இயந்திரம் இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி இழுக்கும் மேசை. கணினித் திரை இருந்ததைத் தவிர, பழைய இழுவை சிகிச்சையிலிருந்து அதற்கு என்ன வேறுபாடு என்பதை யாரும் விளக்கவில்லை. முதுகு வலிக்கும் சியாட்டிகாவுக்கும் இழுவை சிகிச்சை அளிக்க வேண்டாம் என்று மருத்துவச் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே கூறியிருக்கிறது. இடுப்புப் பட்டையையும் அது பரிந்துரைக்கவில்லை. என்னிடம் 1,800 ரூபாய்க்கு அதையும் விற்றார்கள்.

ஆனால் என்னை ஏமாற்றியது இயந்திரத்தைவிடவும் அவர்கள் தந்த மூலிகைக் காப்ஸ்யூல்தான். முதல் அமர்வு முடிந்ததும், பெயரோ தயாரிப்பாளரோ தொகுதி எண்ணோ காலாவதி நாளோ அச்சிடாத வெள்ளை உறைகளில், காலை ஒன்று இரவு ஒன்று என்று ஒரு மாதத்திற்கு 3,600 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இதற்கு ரசீது தரவில்லை. மூன்றாம் நாளே வலி பாதியாகக் குறைந்தது; ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறினேன். நானே மூன்று பேரை அந்த மையத்திற்கு அனுப்பிவைத்தேன். பசி கூடியது, இரவில் உறக்கம் வரவில்லை. முகம் பூசினாற்போல் ஆகிவிட்டது என்று சக ஆசிரியைகள் கூறியதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வலி குறைந்த அதே நாள்களில்தான் கால் சோரத் தொடங்கியது. முதலில் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போனது. பிறகு பேருந்து நிறுத்தத்திற்கு நடக்கும்போது வலது கால் செருப்பு நழுவிப் பின்னால் கிடப்பதை, யாராவது கூப்பிட்டுச் சொன்ன பிறகே அறிந்தேன். வீட்டு நிலைப்படியில் விரல் இடிபட்டது. நடந்தால் பாதம் தரையில் பட்டென்று விழும் ஓசை வகுப்பில் பிள்ளைகளுக்கே கேட்டது. மையத்தில் சொன்னபோது, "நரம்பு விடுபடும்போது மரத்துத்தான் போகும், மேடம். நல்ல அறிகுறி" என்றார்கள். நான் நம்பினேன் என்பதைவிட, நம்ப விரும்பினேன் என்பதே சரி. வேறு மருத்துவரிடம் போகலாம் என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். இன்னும் பதினைந்து அமர்வுகள் மிச்சமிருக்கின்றன, கட்டிய பணம் வீணாகுமே என்று நான் மறுத்தேன். நான் கட்டிய பணமே என்னை அந்த மேசையில் கட்டிப்போட்டது. முன்பணத் தொகுப்பில் நான் கண்ட பெரிய ஆபத்து இதுதான்.

கண்டுபிடித்தவர் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. நடைகூடத்தில் என்னை நிறுத்தி, "குதிகாலால் நடந்து காட்டுங்கள், டீச்சர்" என்றார். இடது பாதம் நின்றது; வலது பாதத்தின் முன்பகுதி மேலெழவே இல்லை. மறுநாளே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே மருத்துவர் தன் விரலை என் பெருவிரல்மேல் வைத்து மேலே தள்ளச் சொன்னார். தசை வலிமைக்கு ஐந்துக்கு மதிப்பெண் போடுவார்களாம். எனக்குக் கிடைத்தது இரண்டு. எல்4–எல்5 ஜவ்வு அழுத்துவது எல்5 நரம்பு வேரை. பாதத்தையும் பெருவிரலையும் தூக்கும் தசைகளை இயக்குவது முக்கியமாக அந்த வேர்தான். வலி குறைந்துகொண்டே வலிமையும் குறைந்தால் நரம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள், குணமாகிறது என்று அல்ல என்று அவர் விளக்கினார். வலிமை இழந்த காலுக்கு ஆறு வாரம் பொறுப்பது பொருந்தாது என்றும், சில நாள்களுக்குள் அறுவை செய்வது நல்லது என்றும் முடிவாயிற்று.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில்தான் காப்ஸ்யூல் வெளிப்பட்டது. இதற்குமுன் எனக்குச் சர்க்கரை நோய் இருந்ததில்லை. அன்று சர்க்கரை மிக உயர்ந்திருந்தது. மயக்க மருந்து நிபுணர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நாட்டு மருந்து ஏதேனும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மறுநாள் காலையில் எடுத்த இரத்தத்தில், அட்ரினல் சுரப்பி இயற்கையாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவு மிகக் குறைவாக இருந்தது. மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் வலியைக் குறைத்து, சர்க்கரையை உயர்த்தி, முகத்தை ஊதவைக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கலப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்ட மோசடி. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் அதைத் திடீரென்று நிறுத்தினாலோ, மருத்துவருக்குத் தெரியாமல் அறுவை நடந்தாலோ, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அந்தக் குறையை ஈடுகட்டும் மருந்தைக் கொடுத்த பிறகே எனக்கு அறுவை செய்தார்கள். பிறகு அதையும் படிப்படியாகக் குறைத்தார்கள். என் காப்ஸ்யூல்களின் ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை. ஆகவே அவற்றில் இன்னதுதான் இருந்தது என்று நான் அறுதியிட்டுக் கூறவில்லை. இப்படிப்பட்ட மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடாமல், உறையோடு எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் செல்லுங்கள்.

சியாட்டிகா உள்ள எவரும் தினமும் ஒருமுறை குதிகாலாலும் நுனிக்காலாலும் நாலடி நடந்து பார்க்கலாம்; நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால் வலி எவ்வளவு குறைந்திருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அறியாமல் கழிந்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு, முதல் மருத்துவர் 200 ரூபாய்க்குச் சொன்னதே போதுமானதாக இருக்கக்கூடும். எனக்கு உண்மையில் ஆறுதல் தந்தவை சாதாரணமானவை: ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது, அரை மணிக்கு மேல் தொடர்ந்து உட்காராதது, ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடக்காமல் பலமுறை பத்து நிமிடம் நடப்பது, வெந்நீர் ஒத்தடம், விடைத்தாளை உயரமான மேசையில் வைத்துத் திருத்துவது. பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்டுகளை நான் குறை கூறவில்லை. இப்போது எனக்குப் பயிற்சி தருபவரும் அவர்களில் ஒருவரே, அவர் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகத்தான் கட்டணம் வாங்குகிறார்.

எஞ்சிய 13 அமர்வுகளுக்கான 31,400 ரூபாய்ச் சொச்சத்தைக் கேட்டபோது, 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று நான் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன்; பயன் இல்லாததால் மாவட்ட ஆணையத்தை அணுகினேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நரம்பு மண்டலக் கோளாறுகளைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி குற்றம் என்பதை வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தேன். அவர்களுடைய துண்டறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் அனுப்பிவைத்த மூவரையும் நேரில் சென்று பார்த்தேன். இருவர் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சென்றார்கள். மூன்றாமவர் என் அத்தை முறை. வலி நன்றாகக் குறைந்திருக்கிறது என்று கூறி, இன்னும் ஒன்பது அமர்வுகள் மிச்சமிருப்பதால் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறார். குதிகாலால் நடக்கவைத்துப் பார்த்தேன், இப்போதைக்கு நடக்கிறார். என் பெருவிரல் இன்று ஐந்துக்கு நான்கு வரை வந்திருக்கிறது.