சொரியாசிஸா, கணையக் கட்டியின் தடிப்பா?

இரண்டும் சிவக்கும், செதிலாக உரியும். அதனால்தான் சிலர் மாதக்கணக்கில் களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

சொரியாசிஸ் பெரும்பாலும் முழங்கை, முழங்கால், தலைத்தோலில் வரும். தடித்த திட்டு, மேலே வெள்ளிநிறச் செதில். நகத்தில் சிறு குழிகளும் விழலாம்.

குளுக்ககோனோமா என்ற அரிய கணையக் கட்டியின் தடிப்பு வேறு மாதிரி. தொடையிடுக்கு, பிட்டம், அடிவயிறு, வாயைச் சுற்றி என்று வரும். திட்டின் நடுவில் கொப்புளம் உடைந்து, பொருக்குத் தட்டி, கருமை விட்டு ஆறும். ஓரமோ பரவிக்கொண்டே போகும். அரிப்போடு எரிச்சலும் வலியும் இருக்கும். 1942-லேயே இது மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது.

ஆனால் தோலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது கஷ்டம். கூட என்ன வருகிறது என்று பாருங்கள்: உடல் மெலிவு, புதிதாகச் சர்க்கரை, ரத்தசோகை, சிவந்து புண்ணான நாக்கு, காலில் ரத்தக்கட்டு. இவற்றில் சில சேர்ந்து வந்தால் ரத்தத்தில் குளுக்ககான் (இந்தக் கட்டி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஹார்மோன்) அளவு, வயிற்றுக்கு சிடி ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். துத்தநாகக் குறைவிலும் இதே போன்ற தடிப்பு வரும்; அதையும் சோதிப்பார்கள். கட்டியை முழுதாக எடுக்க முடிந்தால், களிம்புக்கு அசையாத தடிப்பு பெரும்பாலும் சில நாள், சில வாரத்தில் மறைந்துவிடும்.