சில ஆண்டுகள் ஓடிய பிறகு எங்கள் சோபா எப்படி இருக்கிறது?

சோபா வாங்கிய வாரத்தில் எழுதுகிற கருத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. புதிதில் எல்லா சோபாவும் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது துணி உறை போட்ட, மூன்று பேர் உட்காரும் சோபா. வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. டிவி பார்ப்பது, பகல் தூக்கம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாமே அதில்தான். அதனால் எது உழைத்தது, எது தளர்ந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

தேர்ந்தெடுக்கும்போது எங்களுக்கு உதவியது ஒரே கேள்வி: இதில் எதைப் பிறகு மாற்றலாம், எதை மாற்றவே முடியாது? துணியை மாற்றலாம், ஃபோமை மாற்றலாம். காலை மாற்றி உயரத்தைக்கூட ஓரளவு கூட்டலாம். இருக்கையின் ஆழத்தையும் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தையும் ஒன்றும் செய்ய முடியாது. கடையில் நாம் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான், ஆனால் நேரம் செலவழிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும்தான்.

ஆழம் என்றால் இருக்கையின் முன்விளிம்பிலிருந்து சாய்மானம் வரை உள்ள அளவு. எங்களுடையது 55 செ.மீ. என் அம்மா குள்ளம், முழங்கால் வலியும் உண்டு. 60 செ.மீ.க்கு மேல் ஆழமுள்ள சோபாக்களில் அவர் முதுகைச் சாய்த்தால் கால் தரையில் படவில்லை. காலை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இல்லை. காலை மடக்கிச் சாய்ந்து கிடக்க அந்த ஆழம் சுகம்தான், பெரியவர்கள் உட்கார்ந்து எழ அது சரிப்படாது. முதுகு முழுக்கச் சாய்ந்திருக்கும்போது பாதம் தரையில் பதிய வேண்டும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு இதைப் பாருங்கள். செருப்பின் உயரம் கணக்கை மாற்றிவிடும். தரையிலிருந்து இருக்கை 45 செ.மீ. உயரம் இருப்பதால் அம்மா இன்றுவரை யார் உதவியும் இல்லாமல் எழுந்துகொள்கிறார். அவர் கைப்பிடியில் முழு பலத்தையும் கொடுத்துத்தான் எழுவார். அதனால் வாங்கும்போதே கைப்பிடியை நன்றாக அழுத்தி, ஆட்டிப் பார்த்தோம். இன்னும் ஆட்டம் காணவில்லை.

மரச்சட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, சோதித்துப் பார்க்கலாம். முன்பக்க மூலை ஒன்றை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். அதற்குள் மறுபக்கத்து முன்காலும் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பாமல் நடுவில் முறுக்கிக்கொண்டால் சட்டத்தில் உறுதி இல்லை என்று அர்த்தம். என்ன மரம், எப்படி இணைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நன்றாக உலர்த்திய கெட்டி மரமோ தரமான பிளைவுட்டோ இருந்து, மூலைகளில் முட்டுக்கட்டை வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டிருந்தால் நிம்மதியாக வாங்கலாம். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டில் அடித்த ஸ்டேப்பிள் பின் ஒருமுறை தளர்ந்தால் திரும்பப் பிடிப்பது கடினம்.

இருக்கைக்கு அடியில் எங்களுடையதில் இருப்பது பாம்பு மாதிரி வளைந்து ஓடும் ஸ்பிரிங். ஒருநாள் உட்காரும்போது ‘டக்’கென்று சத்தம் வந்து ஓரத்து இருக்கை இறங்கிவிட்டது. சோபாவைக் கவிழ்த்து அடியில் இருந்த கறுப்புத் துணியைப் பிரித்தால், ஒரு ஸ்பிரிங் கிளிப்பிலிருந்து கழன்று கிடந்தது. தச்சர் வந்து புது கிளிப் அடித்துக் கொடுத்தார், சின்ன வேலைதான். சட்டம் கெட்டியாக இருந்ததால் புது ஆணியும் நன்றாகப் பிடித்தது.

அப்புறம் ஃபோம். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். அது கடினத்தின் அளவு அல்ல. 40-இலும் மெத்தென்று இருப்பது உண்டு. எண் கூடக் கூட, பொதுவாக அமுங்கிப்போகாமல் கூடுதல் காலம் தாங்கும். நாங்கள் இருக்கைக்கு 40 கேட்டு வாங்கினோம். சாய்மானத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

இரண்டாம் ஆண்டுவாக்கில் இருக்கைகளின் மேல்துணி தொய்ந்து சுருக்கம் விழுந்தது. ஃபோம் போய்விட்டது போலிருக்கிறது என்று வருத்தமாக இருந்தது. ஜிப்பைத் திறந்து பார்த்தால் ஃபோம் கையால் அழுத்தியதும் பழையபடி எழும்பியது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சு விரிப்புதான் தட்டையாகிப்போயிருந்தது. பஞ்சை மட்டும் மாற்றிச் சுற்றினோம், சுருக்கம் போய்விட்டது. அதனால் சுருக்கத்தைப் பார்த்ததும் சோபாவையே மாற்ற நினைக்காதீர்கள், முதலில் திறந்து பாருங்கள். குஷன்கள் தனித்தனியாகவும் ஒரே அளவிலும் இருப்பது பெரிய வசதி. அவ்வப்போது இடம் மாற்றி, திருப்பிப் போடுகிறோம். ஜன்னல் பக்கத்துத் துணி மட்டும் வெளுத்துப்போகாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் ஜிப் இருக்கிறதே என்று உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடக் கூடாது. துவைக்கலாம் என்று லேபிளில் இருந்தால் மட்டும் போடலாம், இல்லாவிட்டால் சுருங்கி மறுபடி மாட்ட முடியாமல் போகலாம்.

துணிக்கு மார்ட்டின்டேல் என்று ஒரு அளவு உண்டு. எத்தனை முறை தேய்த்தாலும் துணி தாங்கும் என்பதுதான் அந்த எண். தினசரிப் பயன்பாட்டுக்கு 20,000-க்கு மேல் இருப்பது நல்லது. எங்களுடையது நெருக்கமாக நெய்த பாலியஸ்டர், நூல் பிரியவில்லை. கைப்பிடியின் முன்முனை மட்டும் கைபட்டுக் கைபட்டுக் கறுத்துவிட்டது. லேபிளில் டபிள்யூ என்று இருந்ததால் தண்ணீர் கலந்த சோப்பு நுரையால் துடைக்கிறோம். எஸ் என்று இருந்தால் தண்ணீர் படக் கூடாது.

லெதர் மாதிரி தெரியும் ரெக்சின் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதன் மேல்பூச்சு பாலியூரித்தேனாக இருந்தால், காற்றில் உள்ள ஈரமே நாளடைவில் அதைச் சிதைத்துவிடும். அதிகம் உட்காராத இடத்திலும் உரியும், உரிந்த பிறகு சரிசெய்ய வழியில்லை. தோல் தூளைப் பசையோடு சேர்த்துச் செய்யும் பாண்டட் லெதரும் அப்படித்தான். அசல் தோலுக்குப் பணம் இடம் கொடுக்காவிட்டால் நல்ல துணிக்கே போய்விடலாம்.

வீட்டில் வைக்கும் இடத்துக்கு, சோபாவின் நீள அகலத்தில் தரையில் பேப்பர் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தோம். நடக்க 75 செ.மீ.யாவது விட்டால்தான் இடிக்காமல் போக முடிகிறது. வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது கால்களைக் கழற்றியதால்தான் உள்ளே வந்தது. எல் வடிவ சோபா பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நீளப் பக்கம் இடமா வலமா என்று ஒருமுறை முடிவானால் பெரும்பாலும் மாற்ற முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குறை என்றால், கால் உயரம் குறைவு. அடியில் துடைப்பம் நுழையாது, நகர்த்தித்தான் பெருக்க வேண்டும். இதை எழுதும்போது டிவிக்கு எதிரே இருக்கும் இருக்கை கொஞ்சம் அமுங்கியிருக்கிறது; அதற்கு மட்டும் புது ஃபோம் வெட்டக் கொடுத்திருக்கிறோம். பழைய ஃபோமை வைத்து அளவெடுக்க வேண்டாம், அது ஏற்கெனவே தேய்ந்திருக்கும். உறையைத் தையலிலிருந்து தையல் வரை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் ஒரு செ.மீ. கூட்டி வெட்டச் சொன்னால் துணி இழுத்துப் பிடித்து நிற்கும்.