சிறிய தொலைநோக்கிக்கு எடை குறைந்த மவுண்ட்: பெங்களூரு மொட்டை மாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

தொலைநோக்கி வாங்க விரும்பும் நண்பர்கள் வில்லையின் விட்டத்தைக் கேட்கிறார்கள், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்கிறார்கள். குழாயைத் தாங்கி நகர்த்தப்போகும் அமைப்பான மவுண்டைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு சிறிய தொலைநோக்கி வாரந்தோறும் பயன்படுமா, பரணில் ஏறிவிடுமா என்பதைப் பெரும்பாலும் மவுண்டுதான் தீர்மானிக்கிறது. 1300 மி.மீ. குவியத்தூரமுள்ள 102 மி.மீ. மாக்சுதோவ் குழாயில் (வில்லையும் கண்ணாடியும் சேர்ந்த குட்டையான வகை) 10 மி.மீ. ஐபீஸை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையை, பொருத்தினால் 130 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். சாதாரண ஐபீஸில் அப்போது தெரியும் வானத் துண்டு முழு நிலவின் விட்டத்தைவிடச் சிறியது. புவி சுழல்வதால், வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீன் அந்தத் துண்டை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் கடந்து வெளியேறிவிடும். குழாயை மயிரிழை அளவு நகர்த்தவும், நகர்த்திய இடத்தில் உடனே அசையாமல் நிறுத்தவும் முடியாத மவுண்டில் எவ்வளவு நல்ல வில்லை இருந்தும் பயனில்லை.

நான் பெங்களூருவின் அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் குறுகலான இரும்புப் படியில் எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டுதான் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். ஆகவே ஒருவர் ஒரே நடையில் தூக்கிச் செல்லக்கூடியதாக இருப்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டேன்.

மலிவான தொலைநோக்கிகளோடு இலவசமாகத் தரப்படும் கேமரா முக்காலியை இந்தத் தேர்விலிருந்து முதலிலேயே விலக்கிவிடலாம். அதன் கைப்பிடியை இறுக்கும் கணத்தில் குழாயின் முன்பகுதி சற்றே தாழ்ந்துவிடும். நடுவில் வைத்த வியாழன் காணாமல் போய்விடும்.

அடுத்து, ஈக்வடோரியல் மவுண்ட். துருவ விண்மீனை நோக்கி ஓர் அச்சைச் சாய்த்து வைத்தால், ஒரே அச்சின் சுழற்சியில் விண்மீன்களைப் பின்தொடரலாம் என்பது அழகான ஏற்பாடு. ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அந்த அமைப்பில்தான் நிற்கிறது. அச்சை ஒருமுறை சரிசெய்துவிட்டால் அங்கே அதை யாரும் இடம் மாற்றப்போவதில்லை. ஒவ்வொரு இரவும் எடுத்து வைத்து, பிரித்து இறக்குகிற நம் நிலை வேறு. பெங்களூருவின் அட்சரேகை சுமார் 13 பாகை என்பதால் துருவ விண்மீன் தொடுவானத்துக்கு மேல் அதே 13 பாகையில்தான் நிற்கும். வடக்கே ஒரு கட்டடம் எழும்பியிருந்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. தட்டுப்பட்டாலும் நகரத்துப் புழுதியில் மங்கித் தெரியும். அச்சு அவ்வளவு தாழச் சாயும்போது குழாயைச் சமன்செய்யும் எதிர்எடையின் தண்டு முக்காலியின் காலில் இடிப்பதும் சிறிய ஈக்வடோரியல் மவுண்டுகளில் பரவலான தொல்லை. எதிர்எடை என்பதே தனிச் சுமை. நீண்ட நேர ஒளிப்படம் எடுக்க வேண்டும் என்ற உறுதியான நோக்கம் இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேலும் கீழும், இடமும் வலமும் நகரும் ஆல்ட்-அசிமத் வகையில், ஒற்றைக் கை கொண்ட ஸ்கைவாட்சர் ஏஇசட்-ஜிடிஐ மவுண்டையே நான் பயன்படுத்துகிறேன். முக்காலியின் மேல் அமரும் தலைப்பகுதியின் எடை சுமார் 1.3 கிலோ, அது 5 கிலோ வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. அந்த உச்ச அளவில் பாதியைத் தாண்டாமல் ஏற்றுவதே நல்லது என்பேன். 102 மி.மீ. மாக்சுதோவ் குழாய், ஒளியைத் திருப்பும் மூலைக் கண்ணாடி, ஐபீஸ், குறிபார்க்க உதவும் ஃபைண்டர் எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ அந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. எடை ஒன்றாக இருந்தாலும் வில்லைகளால் மட்டும் இயங்கும் நீளமான ஒளிவிலகல் குழாய் மவுண்டின் ஒற்றைக் கைக்குக் கூடுதல் சிரமம் தரும் என்பதால், குட்டையான குழாய்களே இதற்குப் பொருத்தம். மவுண்டை இயக்கும் கையடக்கக் கருவி எதுவும் இதோடு வருவதில்லை. மவுண்டே ஒரு வைஃபை இணைப்பை உண்டாக்க, செல்பேசியில் உள்ள சின்ஸ்கேன் செயலி அதை இயக்குகிறது.

விண்பொருளைத் தானே தேடிச் செல்லும் இந்த வசதியைச் சோம்பேறித்தனம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். இருண்ட கிராமத்து வானத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அங்கே மங்கலான விண்மீன்களைப் படிக்கட்டாக வைத்து ஒவ்வொன்றாகத் தாவி இலக்கை அடைவது தனி இன்பம். அல்சூரில் அந்தப் படிக்கட்டே தெரிவதில்லை. மிதுனத்தின் கால்பக்கத்தில் இருக்கும் எம்35 விண்மீன் கொத்தைக் கையால் தேடி எத்தனையோ முறை கைவிட்டவர்கள், மவுண்ட் சரியான இடத்தில் நின்றதும் சாம்பல் நிற வானத்திலிருந்து அந்தப் புள்ளிகள் பிரிந்து வருவதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொருவருக்கும் இடையே குழாயைத் திருத்த வேண்டியதில்லை என்பது இன்னும் பெரிய வசதி. வியாழனின் நிலவுகளைப் பார்க்கப் பாட்டி ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, கண்ணை நிதானமாகப் பொருத்திக்கொள்வதற்குள் பொருள் ஓடிவிட்டால் அவருக்கு எதுவும் காட்டியதாகாது.

தொடக்கத்தில் வடக்கு நோக்கிக் குழாயைச் சமமாக வைக்கச் செயலி சொல்லும். மொட்டை மாடியின் கம்பிகளும் இரும்புத் தொட்டியும் செல்பேசித் திசைகாட்டியைத் திசைதிருப்புவதால் அதை நம்பாமல், தெரிந்த இரண்டு விண்மீன்களைக் காட்டி மவுண்டின் திசையைச் சீரமைப்பதே மேல். குளிர்கால மாலைகளில் ரோகிணியையும் சிரியஸையும் தேர்ந்தெடுக்கிறேன். தெற்கே தாழ்வாக நிற்கும் அகத்தியர் விண்மீனைத் தவிர்க்கிறேன்.

தலைப்பகுதியைவிட அதன் கீழ் நிற்கும் கால்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எளிய சோதனை ஒன்று உண்டு. நூறு மடங்குக்கு மேலான உருப்பெருக்கத்தில் ஒரு விண்மீனை நடுவில் வைத்து, குழாயை விரல் நுனியால் மெல்லத் தட்டி, ஆட்டம் அடங்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால் நல்ல கால்கள். ஐந்து நொடி ஆனால் ஒவ்வொரு முறை குவியத்தைத் திருத்தும்போதும் எரிச்சல்தான் மிஞ்சும். கால்களின் கடைசி மெல்லிய பகுதியை நீட்டாமல், ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாலே அதிர்வு வெகுவாகக் குறைகிறது. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்துவதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்குப் பதில், தலைக்கும் கால்களுக்கும் இடையே பொருத்தும் தடித்த நீட்சிக் குழாய் ஒன்று தேவை. இந்த ஊரில் பல பொருள்கள் உச்சிக்கு அருகே கடப்பதே அதற்குக் காரணம்: 2026 ஜனவரியில் மிதுனத்தில் இருந்த வியாழன் 81 பாகை உயரம் வரை ஏறியது. நீட்சி இல்லாவிட்டால் குழாயின் பின்புறம் காலில் முட்டும்.

எடையைப் பொருட்படுத்தாமல் வீட்டு மாடியில் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு, நில அளவையாளர்களின் மர முக்காலியைப் போல அதிர்வை விழுங்குவது வேறில்லை. அதன் திருகு 5/8 அங்குலம், மவுண்டின் அடித் துளை 3/8 அங்குலம். பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் இணைப்புத் துண்டு கடைந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கால்கள் மட்டுமே பொதுவாக ஐந்து கிலோவைத் தாண்டும். ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ பேருந்தில் போகிறவர்கள் தடித்த குழாய்களுடைய அலுமினிய முக்காலியை எடுத்துக்கொண்டு, நடுக்கொக்கியில் தண்ணீர் கேனைத் தொங்கவிடலாம். அந்தக் கேன் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், காற்றில் ஊசலாடக் கூடாது.

மின்சாரத்துக்கு எட்டு ஏஏ பேட்டரிகள் போடலாம் என்றாலும், 12 வோல்ட் தரும் பவர் பேங்க் சிக்கனமானது. தேவையான ஒயரும் 2.1 மி.மீ. பின்னும் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும், நடுமுனை நேர்மின்முனையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். செல்பேசியில் இணையம் இல்லாத வைஃபையைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பையும் முன்கூட்டியே அணைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தேடல் பாதி வழியில் நின்றுவிடும். இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்கள், மெதுவாக நகர்த்தும் திருகுகள் கொண்ட கைமுறை ஆல்ட்-அசிமத் மவுண்டைத் தயங்காமல் வாங்கலாம். நிலவுக்கும் கோள்களுக்கும் அது போதும், மிச்சமாகும் பணத்தை நல்ல கால்களுக்குக் கொடுங்கள்.