சம்பா கோவிலிலிருந்து வில்லியனூர் வரை நடந்து போகலாமா?

புதுச்சேரி மிஷன் வீதி சம்பா கோவிலிலிருந்து (அமலோற்பவ மாதா பேராலயம்) வில்லியனூர் லூர்து மாதா கோவிலுக்குச் சுமார் 10 கி.மீ. வேண்டுதலுக்காக வெறுங்காலில் நடப்பவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். மூலகுளம் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை பாதத்தைப் பதம் பார்த்துவிடும். நெல்லித்தோப்பு, ரெட்டியார்பாளையம் பக்கம் நடைபாதை பெயருக்குத்தான் இருக்கிறது. பாதியைக் கடைப் பலகைகளும் மீதியை பைக்குகளும் பிடித்துக்கொள்கின்றன. என் மாமியார் நடந்த காலத்தில் இருபுறமும் வயலாம். இப்போது பச்சையைப் பார்க்க, வில்லியனூரையும் தாண்டிச் சங்கராபரணி ஆற்றுப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. கிராமத்து நடை என்று நம்பி வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் இரு முனைகளுக்காகவும் நடக்கலாம். 1761-இல் ஆங்கிலேயர் பழைய கோவிலை இடித்த இடத்திலேயே மறுபடி எழும்பி, 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது சம்பா கோவில். வில்லியனூர் கோவில் 1877-ஐச் சேர்ந்தது; எதிரிலேயே அகலமான திருக்குளம். படிக்கட்டில் உட்கார்ந்தால் பாட்டிமார்கள் குளத்து நீரைப் பாட்டிலில் மொண்டு, மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறார்கள். அந்தக் காட்சிக்கே ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுப்பேன், வழிக்கு இரண்டுதான்.

வேண்டுதல் இல்லாதவர்கள் செருப்போடு நடங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். திரும்புவதற்கு பஸ் இருக்கிறது.