ஃபோனோ ப்ரீஆம்ப்பை மாற்றுவதா, ஊசியை மாற்றுவதா?

ஆடியோ டெக்னிகா எல்.பி.120எக்ஸ் டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும்: உள்ளேயே இருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் கருவி, போதுமா, தனியாக ஒன்று வாங்கலாமா? எனக்கும் வந்தது. அதற்கு ஒதுக்கிய பணத்தை ஊசியில் போட்டேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ப்ரீஆம்ப்பின் வேலை இதுதான். ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் 4 மில்லிவோல்ட் சிக்னலைக் கிட்டத்தட்ட நூறு மடங்கு உயர்த்தி, ரெக்கார்டு வெட்டும்போது குறைத்த பாஸையும் கூட்டிய ட்ரெபிளையும் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற பொது அளவின்படி சரிசெய்யும். தனிப் பெட்டி வாங்கினால் இரைச்சல் குறையலாம், கெயினை (சிக்னலை உயர்த்தும் அளவை) மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் கார்ட்ரிட்ஜுக்கு ஏற்றபடி கெப்பாசிட்டன்ஸையும் அமைக்கலாம். நல்ல வசதிகள்தான்.

ஆனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கிறதே, அதை எந்த ப்ரீஆம்ப்பும் தீர்க்காது. எல்.பி.யின் வெளிவட்டத்தில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், உள்வட்டத்தில் 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலியை அங்கே நெருக்கி வெட்டியிருப்பார்கள். டர்ன்டேபிளுடன் வரும் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜின் எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி அந்த நெருக்கத்தில் திணறும். முனையை இன்னும் மெல்லியதாகச் செதுக்கிய மைக்ரோலீனியர் ஊசி நுணுக்கமாகப் படிக்கும். எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பட ரெக்கார்டுகளைப் பழசாக வாங்குபவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: பழைய ஊசிகள் தேய்க்காத ஆழத்தை இது சில தட்டுகளில் தொட்டுவிடும். முழுக்கத் தேய்ந்த தட்டுக்கு இதுவும் உதவாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புச் செலவுதான். ப்ரீஆம்ப் தேயாது, ஊசி தேயும். எலிப்டிகல் ஊசிக்கு 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1000 மணி நேரம் என்று ஆடியோ டெக்னிகாவே கணக்குச் சொல்கிறது. தினம் ஒரு எல்.பி., அதாவது சுமார் 40 நிமிடம் கேட்டால், முதலாவது ஒன்றேகால் வருடம் வரும். இரண்டாவது நான்கு வருடம் தாண்டும். விலையும் ஏறக்குறைய மூன்று மடங்குதான். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றே, கேட்பதோ நல்ல ஒலி. ப்ரீஆம்ப் வாங்கினாலும் ஊசிச் செலவிலிருந்து தப்ப முடியாது, தேய்ந்த ஊசியோ, கையில் இருக்கும் ரெக்கார்டுகளையும் கெடுக்கும். வி.எம்.95 வரிசையில் பழைய ஊசியை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி மறுபடி கோணம் பார்த்து அலைன் செய்ய வேண்டாம். ஒரு விஷயத்தில் ப்ரீஆம்ப்புக்குத்தான் வெற்றி: அதைப் பிறகு விற்கலாம், பயன்படுத்திய ஊசியை யாரும் வாங்க மாட்டார்கள்.

மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும்) கார்ட்ரிட்ஜுக்குப் போகிறவர்களுக்குத் தனி ப்ரீஆம்ப்பை விட்டால் வேறு வழியில்லை. அது தரும் சிக்னல் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. 60 டெசிபெல் அளவு கெயின் வேண்டும், இந்த உள் ப்ரீஆம்ப் தாங்காது. அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு என்பதால் எந்தப் பெட்டி என்று சொல்லத் துணியமாட்டேன்.

மற்றவர்களே, ப்ரீஆம்ப் வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். நீங்கள் உட்காரும் இடம்வரை 'ஸ்ஸ்' என்று கேட்டால் ப்ரீஆம்ப்பை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. 'ம்ம்' என்ற ஹம் கேட்டால், முதலில் டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.