கொடைக்கானலில் மாடி அறையில் படம் போடுகிறார்களே, அங்கே போகிறவர்கள் கவனிக்கவும்

சனிக்கிழமை நடந்தது. இன்னும் கை நடுங்குகிறது. 2,700 ரூபாய் போய்விட்டது.

ஏரிக்கு மேலே ஒரு தங்கும் விடுதி. மாடியில் திரை கட்டி, இருபது நாற்காலி போட்டு வெளிநாட்டுப் படம் காட்டுகிறார்கள். "கார்லோஸ், 2 மணி 45 நிமிடம், மாலை 4 மணி, ஆளுக்கு 900 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

1975 டிசம்பரில் வியன்னாவில் ஓபெக் (எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பு) கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து, எண்ணெய் அமைச்சர்களைப் பிடித்துவைத்தானே, அந்தக் கார்லோஸின் கதை. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பணயக்கைதிகள், மூன்று பேர் சாவு. அப்பா ரேடியோவை விட்டு நகராமல் அந்தச் செய்தியைக் கேட்டது நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அவன் கடைசியில் எப்படிச் சிக்கினான் என்று பார்க்க ஆசைப்பட்டுதான் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களுக்குப் பெருமாள்மலை. இருட்டினால் ரோட்டில் காட்டுமாடு நிற்கும். அதனால் பணம் கொடுக்கும் முன்பே, அங்கே படம் போடும் பையனிடம் "ஏழரை பஸ்ஸைப் பிடிக்கணும் தம்பி" என்று தெளிவாகச் சொன்னேன். "ஏழு மணிக்கு முடிஞ்சிடும் சார். லேட் ஆனா நானே வண்டில விடறேன்" என்றான். முழங்கால் வலி என்றதும் ஓடிப்போய்க் கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டான். பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. அந்தக் கம்பளியில்தான் ஏமாந்தேன். போனிலேயே 1,800 ரூபாய் அனுப்பினேன்.

படம் தொடங்கவே நாலே முக்கால். ஒன்றரை மணி நேரம் போயும் வியன்னா வரவில்லை. பாரிஸ், லண்டன், சிகரெட், சண்டை, மறுபடி சிகரெட். ஏழு மணிக்குத்தான் பணயக்கைதிகள் கட்டத்துக்கே வந்தது. செத்த மூவரையோ படம் சட்டென்று கடந்து போய்விட்டது, அது மனதுக்கு வலித்தது. எழுந்து கேட்டால், "உட்காருங்க சார், வண்டி இருக்கு" என்றான். நம்பி உட்கார்ந்தோம். பஸ் போனது.

எட்டரைக்கு விளக்கைப் போட்டு, "மூணாம் பாகம் நாளைக்கு, ஆளுக்கு 600" என்றான். வண்டியா? டிரைவர் இல்லையாம். வெளியே பனி. ஜீப்புக்கு 900 கொடுத்து வீடு சேர்ந்தோம். ஆக 2,700 ரூபாய்.

மறுநாள் தம்பி மகள் விவரம் சொன்னாள். அது பிரெஞ்சு டிவிக்காக 2010-இல் மூன்று பாகமாக எடுத்ததாம், மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதையே சுருக்கி இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஒரு படமும் உண்டு. விளம்பரத்தில் சுருக்கியதன் நேரத்தைப் போட்டு, நீளமானதை ஓட்டி, முடிவை மட்டும் தனியாக விற்கிறார்கள். 1994-இல் சூடானில் கார்லோஸைப் பிடித்து பிரான்ஸுக்குக் கொண்டுபோனது அந்த மூன்றாம் பாகத்தில்தான் இருக்கிறது. நான் பார்க்கப் போனதே அதைத்தான்!

போன் செய்தேன். "சினிமான்னா முன்னே பின்னே ஆகும் சார்." இரண்டாவது முறை, "ஓனர் மதுரைல இருக்காரு." மூன்றாவது முறை, "நீங்கதானே பாதில எழுந்து போனீங்க." அப்புறம் எண்ணையே தடுத்துவிட்டான். பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வயதானவனிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிறான்.

போகிறவர்கள் எந்த வடிவம், எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். கடைசி பஸ் நேரம் வந்ததும் எழுந்துவிடுங்கள், வண்டி வரும் என்று சொன்னால் நம்பவே வேண்டாம்.

விளம்பரமும் பணம் அனுப்பிய ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இன்று காலை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்து 2,700 ரூபாய்க்கும் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாடியில் பணம் விட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.